மழை வருது, துணியை எடு

அந்த அம்மா தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார். அவரைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் இதிலேயே அடங்கிவிட்டது. மீதிக் கால்வாசியில் என் அம்மாவும் நானும் ஓர் ஏணியும் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதூர்நாட்டுப் பக்கம் மலை மேல் எங்கள் ஊருக்கு வி.ஏ.ஓ.வாக வந்தவர் அவர். நாற்பதுக்குள்தான் வயது இருக்கும். ஒல்லி. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. தோளில் தொங்கும் கறுப்புப் பையில் கோடு போட்ட நோட்டு, கைநாட்டுக்கு மை டப்பா, ஒரு பொட்டலம் பொரி, தண்ணீர் பாட்டில். பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் 'மேடம்'. தலை மறைந்ததும் 'பாத்தாதான்'.

"நேத்து பாத்தாதான் வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. ஆட்டுக்கொட்டாய் வரைக்கும் பூந்து பாத்துட்டுப் போச்சு."

ஊரில் இதுதான் பேச்சு. நாலு பேர் சேர்ந்து ஒரே மாதிரி சொன்னால் நம்பி எழுதிக்கொள்கிற அதிகாரிகளைத்தான் நாங்கள் அதுவரை பார்த்திருந்தோம். இவரிடம் நாற்பது பேர் சொன்னாலும் நடக்காது. "பாத்தாதான் எழுதுவேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மேல்சரிவில் ஒருத்தருடைய பசு இடி விழுந்து செத்தது. அரசாங்கம் அதற்கு நிவாரணம் தரும். செத்து மூன்று நாள் ஆகிவிட்டது, பக்கத்தில் போக முடியாத நாற்றம். இவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பசுவை ஒரு சுற்று, கருகிய மரத்தை ஒரு சுற்று பார்த்தார். அங்கேயே பாறை மேல் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"நான் பாக்காதது ஏதாவது எழுதியிருக்கேனா?"

"இல்ல மேடம்." பசுக்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு ஆடு கூட செத்துச்சு மேடம்."

"ஆடு எங்க?"

"நரி இஸ்துக்கினு பூட்ச்சி மேடம்."

"அப்ப நரிகிட்ட ஒரு லெட்டர் வாங்கியாங்க. சேத்துக்கலாம்."

சிரிக்காமல்தான் சொன்னார். பசுவுக்கான பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆட்டைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை.

விசாரணைக்குப் போகிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். எங்கள் மலையில் வீட்டுக்கு வந்தவர் சொம்பைத் தொடாமல் போனால் அது அவமானம். ஒரு பெண்பிள்ளை கோபமாகவே கேட்டுவிட்டாள், "இன்னா மேடம், எங்க வூட்டுத் தண்ணி ஆவாதா?" என்று.

"ஆவும்மா. உங்க தண்ணி என் வயித்துக்குள்ள போச்சுன்னா பேனா உங்க பக்கமே சாயும். அதுக்குத்தான்."

சொல்லிவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. கீழ்வீட்டில் ஒரு வயசான புருஷன் பெண்டாட்டி. முதியோர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மகன்கள் இரண்டு பேர் கூடவே இருந்தார்கள், ஒருவன் சொந்த ஜீப் ஓட்டுகிறவன். இந்த அம்மா போனார், பார்த்தார், எழுதினார். பென்ஷன் நின்றது. பென்ஷன் ஆதரவற்றவர்களுக்கு என்பது சட்டம், ஜீப் வைத்திருக்கிற மகன் ஆதரவு இல்லாமல் வேறென்ன? நியாயம்தான். ஆனாலும் அந்தக் கிழவர் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்க இந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தது.

அத்தோடு ஆலங்காயத்திலிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் வந்தது இன்னொரு செய்தி. அங்கே வாடகை வீட்டில் தன் அப்பாவோடுதான் இந்த அம்மா இருக்கிறார். அப்பாவுக்கு வந்துகொண்டிருந்த முதியோர் பென்ஷனை இவரே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டாராம்.

"பெத்த அப்பனுக்கே ஆப்பு வெச்சவ. நாம எம்மாத்திரம்?" என்றார் ஜீப்காரர். அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கம் போயிற்று.

பயம் வந்தால் புத்தியும் கூடவே வரும் என்று நினைத்துக்கொண்டோம். விசாரணைப் படிவத்தில் ஒரு வரி உண்டு: உடன் வசிக்கும் வயது வந்த மகன் யாரேனும் ஆதரிக்கிறாரா? அந்த ஒரு வரிக்காக எங்கள் ஊர் ஓர் ஏற்பாடு செய்தது. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் கொடியில் ஆம்பிளைச் சட்டை காய்ந்தால் மாட்டிக்கொள்வோம். இவரோ மலை ரோட்டின் கீழ் வளைவிலேயே ஜீப்பை விட்டு இறங்கி நடந்து வருகிறவர், சத்தமே கேட்காது. அதனால் வளைவுக்கு மேலே ஆடு மேய்க்கும் பெண்கள் இவர் தலையைக் கண்டதும் கத்துவார்கள்: "மழ வருது! துணிய எடு!"

சுட்டெரிக்கும் வெயிலில் கத்துவார்கள். உடனே கொடிகளிலிருந்து சட்டைகள் மறையும். தாடி மீசை வைத்த பிள்ளைகள் எல்லாம் பலா மரங்களுக்குப் பின்னால் ஓடுவார்கள். அந்த அம்மா ஊருக்குள் நுழையும்போது கிழவன் கிழவிகளும் கோழிகளும் மட்டும் இருப்பார்கள். அவர் வானத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்குவார்.

ஓடியவர்களில் நானும் ஒருவன். ஓடினேன் என்பது சும்மா பேச்சுக்கு. என்னால் ஓட முடியாது.

குடகில் மிளகு பறிக்கப் போய், ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்தவன் நான். முதுகு போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முப்பத்தெட்டு வயதில், இடுப்புக்கு ஒரு பெல்ட்டோடு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவுக்கு எழுபது வயது. காட்டில் கடுக்காய் பொறுக்குவாள், புளி உடைக்கப் போவாள். அவளுடைய பென்ஷன்தான் வீட்டுக்கு எண்ணெயும் எனக்கு மாத்திரையும். ரேஷன் கார்டில் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வயது வந்த மகன்.

மறு விசாரணைப் பட்டியலில் அம்மா பெயர் வந்தது. முதல் தடவை இவர் வந்தபோது மழைக்குரல் கேட்டு நான் கம்பை ஊன்றிக்கொண்டு பலாத்தோப்புக்குள் போய்விட்டேன். உள்ளே நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னாள்.

"பையன் எங்க பெரிம்மா?"

"குடகுல கீறான் மேடம்மா. மொளகு பறிக்கிறான்."

இதுவரை சரி. நாங்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். அடுத்த கேள்வியில் விழுந்தாள் அம்மா.

"பணம் கிணம் அனுப்புறாரா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குத்தானே இத்தனை பாடு. அம்மா சொன்னது இது: "ஏன் அனுப்பாம? தங்கமான புள்ள. மாசாமாசம் அனுப்பிடுவான்."

அவர் போன பிறகு நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இன்னாம்மா இப்டி சொல்லிக்கிற? சோறு போடற புள்ள இருந்தா பென்ஷன் கெடையாதும்மா!"

"எனக்குத் தெரியாதா? எம்புள்ள எனக்கு சோறு போடலன்னு எவகிட்டயோ என் வாயால எப்டிடா சொல்லுவேன்? நாக்கு வரலடா."

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு நாக்கு வரவில்லை.

அந்த அம்மா அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. நோட்டை மூடினாராம். "அவர் குடகுல இருக்கறத நான் பாக்கல. அனுப்புற பணத்தயும் பாக்கல. இன்னொரு தபா வர்றேன் பெரிம்மா" என்று கிளம்பிவிட்டார். விசாரணை முடியாததால் அந்த மாசம் பணம் வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை. நான் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கினேன். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் கூடுதலாக ஒரு வீட்டுக்குப் புளி உடைக்கப் போனாள். ராத்திரி அவள் விரல்களை மடக்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நான் இல்லாவிட்டால் அவளுக்குப் பென்ஷன் வரும். என் கணக்கு அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வளைவுக்கு மேலேயிருந்து குரல் வந்தது. "மழ வருது! துணிய எடு!"

வழக்கமான களேபரம். சட்டைகள் மறைந்தன, பிள்ளைகள் ஓடினார்கள். நான் கம்பை எடுத்தேன். அதற்குள் படபடவென்று மழையே வந்துவிட்டது. ஆடு மேய்க்கிறவள் அன்றைக்கு நிஜமாகவே மழையைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியிருக்கிறாள். அது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மழை வந்தால் துணியை எடுக்கச் சொல்வார்கள் என்பதையே ஊர் மறந்துபோயிருந்தது. எங்கள் ஊரின் வயது வந்த மகன்கள் அத்தனை பேரும் தோப்பில் நின்று சொட்டச் சொட்ட நனைந்தார்கள்.

"மழையில எங்கடா போவ? பரண்ல ஏறு" என்று அம்மா ஏணியைச் சாத்தினாள்.

குடகில் விழுந்ததற்குப் பிறகு நான் ஏணியைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. அம்மா பின்னாலிருந்து தள்ளினாள், பயம் மேலேயிருந்து இழுத்தது. சாமை மூட்டைக்கும் சுரைக்குடுக்கைகளுக்கும் நடுவில் குறுகிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. ஓட்டின் மேல் மழைச் சத்தம் மட்டும்தான்.

"யாரும் வரலடா. எறங்கு."

காலை நீட்டினேன். முதல் படியில் பாதம் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. கண்ணுக்குள் குடகு மரமும் கீழே கிடந்த கல்லும்.

"அம்மா, முடியல. காலு வர மாட்டேங்குது."

"ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியாதா? நான் கீறன்ல. என் தோள்ல கால வெய்டா."

எழுபது வயசு அம்மா இரண்டு படி ஏறி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, என் பாதத்தை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மலை மாதிரி நான் அவள் மேல் நின்றேன். அவள் மூச்சு வாங்குவது என் காலில் தெரிந்தது. ஒரு படி இறங்கினாள். அந்த நேரம் பார்த்து வாசல் இருண்டது.

வளைந்து உடைந்த குடையோடு, தலையிலிருந்து ஷூ வரை நனைந்து நின்றார் வி.ஏ.ஓ. அம்மா. எங்களை விசாரிக்க வரவில்லை. அடுத்த ஊருக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொள்ள, கண்ணில் பட்ட முதல் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார். அது எங்கள் வீடு.

 அவர் பையைக் கீழே வைத்தார். நேராக வந்து ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா எறங்குங்க பெரிம்மா. நான் புடிச்சிக்கிறேன்."

தரையில் கால் பட்டதும் நான் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு இரைக்க இரைக்க அவரிடம் திரும்பினாள்.

"இவன் இன்னிக்கிக் காலையிலதான் குடகுலேர்ந்து வந்தான் மேடம்மா."

அந்த அம்மா ஒருமுறை வீட்டைப் பார்த்தார். ஆணியில் என் இடுப்பு பெல்ட் தொங்கியது. மாடத்தில் காலி மாத்திரை அட்டைகள் அடுக்காக இருந்தன. மூலையில் என் பாயும், பிடி தேய்ந்த கம்பும். காலையில் வந்தவன் இத்தனையையும் கொண்டுவந்திருக்க முடியாது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இனிமேல் ஒளிய வேண்டாம் என்று ஒரு களைப்பு. "பொய் மேடம்" என்றேன். "ஒரு வருஷமா இங்கதான் கீறேன். முதுகு போய்டுச்சு. ஒரு வேலையும் செய்ய முடியல. பென்ஷன நிறுத்துறதுன்னா நிறுத்துங்க, அம்மாவ மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். முதல் விசாரணையில் வராத நாக்கு இப்போது வந்தது. "அவன் எனக்கு சோறு போடல மேடம்மா. நான்தான் போடறேன். நான் கீற வரைக்கும் போடுவேன்." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நோட்டு நனைந்துபோயிருந்தது. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். அதன் பின்பக்கத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். மழைச் சத்தத்தை மீறிப் படித்தார்.

"மேற்படி பயனாளியின் வயது வந்த மகன் அதே வீட்டில் வசிக்கிறார். அவர் முதுகில் அடிபட்டு வேலை செய்ய இயலாத நிலையில் உள்ளார். பரணிலிருந்து இறங்க இயலாமல் தவித்த மகனை, எழுபது வயதான தாய் தன் தோளில் தாங்கி இறக்கியதை நேரில் பார்த்தேன். இவ்வீட்டில் மகன் தாயை ஆதரிக்கவில்லை. தாயே மகனை ஆதரித்து வருகிறார். எனவே உதவித்தொகையைத் தொடர்ந்து வழங்கலாம்."

பேனாவை மூடினார். "நான் பாக்காதது ஏதாவது எழுதியிருக்கேனா?"

அந்த நாலாவது வாக்கியம் என்னைக் குத்தியது உண்மைதான். குத்தட்டும். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு மூச்சு விட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "இவன் ஒளிஞ்சிக்கினு இருந்தான்னு எழுதலியா மேடம்மா?"

"அவரு எறங்குறதத்தான் நான் பாத்தேன். ஏறுறதப் பாக்கலியே."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். அந்தக் கணத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மழை விடுகிற வரை பேசிக்கொண்டிருந்தோம். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து அவருடைய அப்பா பென்ஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க நைனாவுக்கு அது வெத்தலபாக்குப் பணம். எனக்கு வேல வந்தப்ப நானே போய் எழுதிக் குடுத்தேன். பத்து நாளு எங்கூடப் பேசல. இன்னா பண்றது? தெனமும் அவருக்கு சோறு போடறது நான்தான், அத நானே பாக்கறேனே. இப்ப வெத்தலபாக்கும் நான்தான் வாங்கித் தரேன். அவரு முன்ன வாங்கினதவிடக் கூட ரெண்டு வெத்தல."

அம்மா சொம்பை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன் காலி பாட்டிலை வாசலில் ஓட்டு விளிம்புக்கு அடியில் பிடித்தார். மழைத் தண்ணீர் நிரம்பியது. ஒரு மடக்குக் குடித்தார்.

"மேடம்மா, அந்த ஓடும் எங்க வூட்டுதுதான்" என்றாள் அம்மா.

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன். தண்ணீர் புரையேறி, அம்மா அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த மாசம் பென்ஷன் பணம் தருகிறவர் கைரேகை மிஷினோடு வந்தார். அம்மா கட்டைவிரலை வைத்தாள். "வந்திருக்கும்மா, நின்ன மாசத்துதும் சேத்து வந்திருக்கு" என்றார். அம்மா பணத்தை வாங்காமல் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆறுதலை நான் கண்டதில்லை. எனக்கும் திருப்பத்தூர் முகாமில் ஊனச் சான்று வாங்க வழி சொல்லி, எந்தத் தாளில் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த அம்மாவே எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது ஊரில் மற்றவர்களுக்கும் மனு எழுதித் தருகிறேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டுகிறேன்.

அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரை அவர் சொம்பில் வாங்கிக் குடித்ததும் இல்லை. அம்மாவுக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

போன மாசம் புது வி.ஏ.ஓ. முதல் தடவையாக மலை ஏறினார். இளைஞர். அவரும் வளைவிலேயே இறங்கி நடந்திருக்கிறார். நல்ல வெயில். மேலேயிருந்து பழைய குரல் வந்தது.

"மழ வருது! துணிய எடு!"

எதிர் வீட்டுக் கொடியில் சட்டைகள் மறைந்தன. தோப்பை நோக்கி யாரோ ஓடினார்கள். பழக்கதோஷம், என் கையும் கம்பைத் தேடியது. அம்மா அப்போது வாசலில் துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாளியிலிருந்து என் சட்டையை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள். இரண்டு தரம் உதறி, ரோட்டிலிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி கொடியில் விரித்துப் போட்டாள்.

"வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.